பெரிய கடை லேபிள்

ஒரு முதலாளிக்கு இரண்டு கடை இருந்தால் அது வியாபாரம். இரண்டுக்கும் ஒரே முதலாளி என்று வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஆள் போட வேண்டும். அப்படிப் போட்ட ஆட்களில் ஒருத்திதான் கத்தரி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் இருந்ததோடு சரி, கூப்பிடுவதற்கு யாரும் அதை எடுக்கவில்லை.

பெரிய கடை என்பது கடைத்தெரு முனையில் ஐந்து மாடி. சுழலும் கண்ணாடிக் கதவு, உள்ளே நுழைந்ததும் ஆளைத் தூக்கும் சென்ட் வாசனை, பித்தளைக் கைப்பிடி போட்ட லிஃப்ட், மாடிக்கு மாடி கறுப்பு உடுப்பில் நிற்கும் விற்பனைப் பெண்கள். அதை ஆரம்பித்தவர் ஒரு காலத்தில் பொத்தானையும் ரிப்பனையும் கூடையில் வைத்து வீடு வீடாகப் போய் விற்றவர். வாங்கிப்போன பொருள் பிடிக்கவில்லை என்று கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் திரும்ப வாங்கிக்கொள் என்பது அவர் போட்ட விதி. அந்த விதியை நம்பியே ஜனங்கள் வந்தார்கள், கடையும் ஐந்து மாடிக்கு எழும்பியது. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் அப்பா கட்டிய மாடிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இளையவருக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. சீசன் முடிந்தும் விற்காமல் தேங்கிக் கிடக்கும் துணிகளைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவர், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய சரக்குக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். வேறொரு பெயரில் பலகை மாட்டி, மூன்றில் ஒரு பங்கு விலைக்கு அவற்றைக் கொட்டி விற்றார். அதுதான் சின்னக் கடை. அங்கே கண்ணாடிக் கதவும் கிடையாது, வாங்க என்று கூப்பிட ஆளும் கிடையாது. கும்பலில் முட்டி மோதி அவரவர் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

சிக்கல் ஒன்று இருந்தது. பெரிய கடையில் முழு விலை கொடுத்துக் கோட்டு எடுத்த அம்மாள், தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளும் அதே கோட்டை, கழுத்தில் அதே நீலத் துண்டில் பொன்னெழுத்து லேபிளோடு போட்டுக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்தால் சும்மா விடுவாளா? கடையை இரண்டாக்கி விடுவாள். அதனால் சின்னக் கடைக்கு வரும் துணி ஒவ்வொன்றிலும் லேபிளை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு.

அந்த வேலை நடந்தது கொட்டகைக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட நீளமான அறையில். பெஞ்சுக்கு இரு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கோட்டை மடியில் போட்டு, கழுத்தைத் திருப்பி, முனை வளைந்த சின்னக் கத்தரியை லேபிளுக்கு அடியில் விட்டுத் தையல் நூலை மட்டும் வெட்ட வேண்டும். துணியில் கீறல் விழுந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். வெட்டிய லேபிள்கள் ஒரு தகர டிரம்மில் சேரும். சூப்பர்வைசர் கண்ணெதிரில்தான் எரிப்பார்கள். நாள் முழுக்கப் பறக்கும் பஞ்சில் தொண்டை அடைத்துக்கொள்ளும். மழை பிடித்துக்கொண்டால் தகரச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவளிடம் உப்பு இருக்கா என்று கேட்பதற்கும் கத்த வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் கத்தரி மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள் இரண்டு முடிப்பாள். பெயர் வந்தது அப்படித்தான்.

பெரிய கடையின் மூன்றாவது மாடியில், அந்தக் கோட்டுகளையே லேபிளோடு விற்றுக்கொண்டிருந்தது அவளுடைய அண்ணி.

ஒரே வீட்டில் இப்படி அமைந்துவிட்டதைப் பற்றி அண்ணன்தான் அதிகம் பேசுவான். "ஒருத்தி மகுடம் வைக்கறா, ஒருத்தி எடுத்துடறா. நடுவுல நான் வண்டியில ஏத்திக்கிட்டுத் திரியறேன்" என்பான். அவன் பெரிய கடையின் டெலிவரி வேன் ஓட்டினான். வாங்கிய சாமானை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது பெரிய கடையின் பழக்கம்.

கத்தரியைக் கட்டியவன் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். வெறும் பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவளை அண்ணி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுப்பில் இருந்ததை இன்னொரு தட்டில் போட்டு முன்னால் வைத்தாள். பெரிய கடையில் நிற்க உயரம் வேண்டும், வரிசையான பல் வேண்டும்; கத்தரியிடம் இரண்டும் கிடையாது. யார் யாரிடமோ சொல்லிச் சின்னக் கடையில் சேர்த்துவிட்டதும் அண்ணிதான்.

அண்ணிக்குத் தலைக்கனம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவளைத் தெரு வேறு எப்படிச் சொல்லும்? ஆனால் மூன்றாவது மாடியில் அவளுக்கென்றே காத்திருந்து வாங்கிப்போகிறவர்கள் இருந்தார்கள். கண்ணாடி முன்னால் நிற்கிறவளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "இது வேணாம்மா, தோளைத் தூக்கிக்கிட்டு நிக்குது. அடுத்த வாரம் வாங்க, நான் எடுத்து வைக்கறேன்" என்று அனுப்பிவிடுவாள். வந்த வியாபாரத்தை விரட்டுகிறாளே என்று புதிதாக வந்த மேனேஜர்கள் பல்லைக் கடிப்பார்கள். போனவள் அடுத்த வாரம் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவாள்.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏய், இன்னிக்கு எங்க ஆளுங்க எத்தனை பேர் கழுத்த அறுத்த?"

"எண்ணி மாளல அண்ணி. நீங்க ஒழுங்கா வித்திருந்தா எங்கிட்ட ஏன் வருது?"

"வாயைப் பாரு! நாலு நல்ல வார்த்தை சொல்லி விக்கறது நாங்க. கழிச்சுப் போட்டத கூவி விக்கறது நீங்க."

"கும்பல் எங்ககிட்டதானே இருக்கு?"

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "எனக்கு ரெண்டு கடையும் சம்பளம் தருது. சண்டைய நிறுத்தாதீங்க" என்பான்.

கத்தரி சொன்ன கும்பல் நாளாக ஆகப் பெருகியது. இளையவர் ஊருக்கு ஊர் கொட்டகை பிடித்தார். பெரிய கடையின் மிச்சம் போதாமல், பேல் என்கிற பெரிய கட்டுகளாக மலிவுத் துணியும் வாங்கி இறக்கினார். மூத்தவருடைய ஐந்து மாடியில் சீக்கிரமே விற்பனைப் பெண்கள் ஈ ஓட்ட ஆரம்பித்தார்கள். கடைசியில் இளையவர் மூத்தவரின் பங்கை வாங்கினார். பெரிய கடை சின்னக் கடையின் சொத்தாயிற்று. அந்த அதிசயம் அடங்குவதற்குள் அவரும் இரண்டையும் சேர்த்து ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கையைக் கழுவினார். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறதென்று கடையில் ஒருவருக்கும் தெரியாது. அங்கிருந்து உத்தரவு மட்டும் வரும். லிஃப்ட்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள், பொத்தானை அழுத்த ஆள் எதற்கு என்று. ஐந்தாவது மாடியில் கோட்டு தைத்துக்கொண்டிருந்த தையல் கூடத்தை மூடினார்கள். விற்ற பொருள் திரும்ப வாங்கப்பட மாட்டாது என்று கல்லாவுக்கு மேலே பலகை ஏறியது. வேன்களையும் விற்றார்கள். இடுப்பு வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவந்த அண்ணன், ஓட்ட வண்டியே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தான். உருளைக்கிழங்கு உரிக்கக் கற்றுக்கொண்டான்.

கீழ்வீட்டு நர்ஸம்மா இல்லாவிட்டால் அந்த இடுப்போடு அவன் படுத்தே கிடந்திருப்பான். எல்லோருக்கும் அவள் சிஸ்டர். ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து களைத்து வருகிறவள், மாடியேறி வந்து அவனுக்கு ஊசி போட்டுவிட்டு, "குப்புறப் படுங்க, வெட்கப்பட்டா வலி போகாது" என்று அதட்டிவிட்டுப் போவாள்.

மழைக்காலம் தொடங்க இருந்த சமயத்தில் தகரக் கொட்டகையில் சூப்பர்வைசர் விசில் ஊதினார். எதற்கெடுத்தாலும் ஊதுவதால் அவருக்கே விசில் என்றுதான் பெயர்.

"எல்லாரும் கத்தரியக் கீழ வைங்க. இனிமே ஊசி."

"ஊசியா? எதுக்கு சார்?"

"தைக்கறதுக்கு. பின்ன காது குத்தவா?"

பெஞ்சின் மேல் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார். புத்தம் புதிய லேபிள்கள், நீலத்தில் பொன்னெழுத்து. வாழ்நாளெல்லாம் வெட்டி எரித்த லேபிள் இப்படிக் குவியலாகக் கிடப்பதைப் பார்த்து எல்லோரும் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார்கள். பக்கத்தில் கோட்டு பேல் ஒன்று பிரிந்து கிடந்தது. கத்தரி ஒரு கோட்டை எடுத்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். வெளித்துணியும் உள்துணியும் தைத்துச் சேர்த்தவை அல்ல, பசை தடவி ஒட்டியவை. வெயிலில் ஜோராக இருக்கும். நாலு மழை தாங்கும். அதற்குமேல் பசை விட்டுக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தண்ணீர் நேரே உடம்புக்கு இறங்கிவிடும். அந்த மாதிரிக் கோட்டு சின்னக் கடையில் நிறைய வரும். அந்த விலைக்கு அது போதும், வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும்.

"இது நம்ம கடைச் சரக்காச்சே சார். நேத்து இதே பேலைத்தானே பிரிச்சு வெளிய தொங்க விட்டோம்?"

"பாதி இங்க, பாதி அங்க. லேபிள் இருந்தா பெரிய கடை, இல்லேன்னா சின்னக் கடை. என்ன புரியல உனக்கு?"

"விலை?"

"அங்க அங்கத்து விலை."

"அங்க நிக்கறவங்களுக்குத் தெரியுமா?"

விசில் அவளை ஓரமாக வரச் சொன்னார். குரல் தணிந்துவிட்டது. "இந்த சீசன் ஓடலேன்னா அஞ்சு மாடிக்கும் பூட்டு. மேலிடத்துல சொல்லிட்டாங்க. உங்க அண்ணி மூணாவது மாடிதானே? உங்க அண்ணனும் வீட்டோட இருக்கார்னு கேள்விப்பட்டேன். இந்த விஷயம் இந்தத் தகரத்தை விட்டு வெளிய போச்சுன்னா யார் சோத்துல மண்ணு விழும்னு நீயே யோசிச்சுக்க. நான் ஒண்ணும் சொல்லல."

சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை என்று முடிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

மெஷினில் விட்டால் ஊசி வெளித்துணி வரை இறங்கிவிடும் என்பதால் கையால்தான் தைக்க வேண்டியிருந்தது. முதல் நாள் கூத்தை இன்றைக்குச் சொன்னாலும் அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். பக்கத்தில் இருந்தவள் தைத்துத் தைத்துத் தள்ள, கத்தரி கை பாட்டுக்கு அதையெல்லாம் எடுத்து லேபிளை வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். மதியம் மணி அடித்தபோதுதான் டிரம்மைப் பார்த்தார்கள். விசில் தலையில் அடித்துக்கொண்டார். "முழுச் சம்பளம் வாங்கிட்டு ஒருத்தி தைக்கறா, ஒருத்தி பிரிக்கறா! கம்பெனி எங்க உருப்படும்?" கொட்டகையே சிரித்தது. கத்தரியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் டிரம்மில் கிடந்த லேபிள்களைப் பொறுக்கிப் பெஞ்சில் வைத்தாள்.

இரண்டு நாளில் கை பழகிவிட்டது. மற்றவர்கள் நாலு பக்கமும் ஓட்டி முடித்துவிடுவார்கள். கத்தரிக்கு மூலைக்கு மூலை குறுக்காக ஒரு முடிச்சு போட்டுத்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்ததாகவே தோன்றாது. வீட்டில் அண்ணனுக்குச் சட்டை தைத்தாலும் அப்படித்தான்.

வீடு திரும்பும்போதெல்லாம் அந்தச் சாப்பாட்டு நேரக் கேள்வியை நினைத்து அவள் மெதுவாக நடப்பாள். எத்தனை கழுத்து அறுத்தாய் என்று அண்ணி கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஆனால் அண்ணி கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. சீசன் வேலை, அலுப்பாக இருக்கும் என்று கத்தரி நினைத்துக்கொண்டாள். கேட்காமல் விட்டதே பெரிய விஷயமாக இருந்தது.

"புது கோட்டு வந்திருக்காமே?" என்று அண்ணன்தான் ஒரு நாள் எடுத்தான். "கடைத்தெருவுல பேசிக்கறாங்க. பெரிய கடை பழையபடி களைகட்டிடுச்சுன்னு."

"ம். வந்திருக்கு" என்றாள் அண்ணி.

"எப்படி?"

"கோட்டு கோட்டு மாதிரி இருக்கு. கிழங்குல உப்பு போட்டீங்களா இல்லையா?"

"போட்டேனே."

"போட்டா எங்க போச்சு?"

அண்ணன் உப்பு டப்பாவை எடுக்கப் போனான். அண்ணியும் கத்தரியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. கடைகளுக்கு விடுமுறை. கத்தரி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். சிஸ்டர் ஒரு தட்டு பிஸ்கட்டோடு மாடியேறி வந்தாள். வந்ததும் இருமல். போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே படுக்கையில் கிடந்தவள் அவள்.

"டாக்டர் திட்டறார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற, நீ மழையில நனைஞ்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கறியேன்னு. இன்னொரு தடவை அப்படி வந்தா நெஞ்சு தாங்காதாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அதான் ஒரு முடிவு பண்ணிட்டேன். வாழ்க்கையில ஒரு தடவையாவது பெரிய கடையில கோட்டு எடுத்துடறதுன்னு. கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து வச்சிருக்கேன்."

"சின்னக் கடையிலயும் கிடைக்குமே சிஸ்டர்" என்று கத்தரி சட்டென்று சொன்னாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உன் கடைய நீ விட்டுக் கொடுக்க மாட்டியே!" சிஸ்டர் அவள் தோளைத் தட்டினாள். "அங்க வாங்கறது ஒரு வருஷம் வரும். இது நெஞ்சு சமாச்சாரம்டி. உங்க அண்ணி கையால எடுத்துக் கொடுத்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடுவேன். நாளைக்கு மதியம் வரட்டுமா?"

அண்ணி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது.

"வாங்க" என்றாள்.

சிஸ்டர் தேநீரைக் குடித்து, அண்ணனின் இடுப்பை ஒரு தடவை அமுக்கிப் பார்த்து அவனை அலறவைத்துவிட்டு இறங்கிப்போனாள். கத்தரிக்கு அரிந்த வெங்காயம் எது, அரியாதது எது என்று தெரியவில்லை. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. அண்ணிக்குத் தெரிந்தால் அண்ணி விட மாட்டாள். எப்படியாவது ஒரு வழி பண்ணிவிடுவாள். எத்தனை பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவள்!

அண்ணி பின்பக்கம் துவைக்கும் இடத்தில், தகரச் சரிவுக்குக் கீழே போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். கத்தரி மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். நடுவில் தண்ணீர் கொட்டியது.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"நல்லா முறுக்கு. தண்ணி நிக்குது பாரு."

"அந்தக் கோட்டு..."

"போர்வையப் பிழிடி முதல்ல."

"எங்க கொட்டகையில இருந்துதான் வருது அண்ணி. நாங்க இப்ப வெட்டறதில்ல, தைக்கறோம். சின்னக் கடை பேல். உள்ள பசை போட்டு ஒட்டினது. நாலு மழைக்குமேல தாங்காது. சிஸ்டருக்குப் போய் அதை..."

அண்ணியின் கை நின்றது. போர்வை இருவர் நடுவிலும் முறுக்கிய கயிறாகத் தொங்கியது.

"சொல்லிட்டியா?" என்றாள். "எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டியா?"

அதிர்ச்சியை எதிர்பார்த்த கத்தரிக்கு அந்தக் குரல் புரியவில்லை.

"எத்தனை நாளா தைக்கற?"

"சீசன் ஆரம்பத்துல இருந்து."

"எனக்கும் சீசன் ஆரம்பத்துல இருந்தே தெரியும்." அண்ணி போர்வையை வாளியில் போட்டாள். "முதல் கோட்ட ஹேங்கர்ல மாட்டும்போதே பார்த்துட்டேன். மூலைக்கு மூலை குறுக்கு முடிச்சு. உங்க அண்ணன் சட்டைக் காலரை வாரா வாரம் துவைக்கறவடி நான். எனக்கா தெரியாது?"

கத்தரி ஆடிப்போனாள். "தெரிஞ்சுமா வித்தீங்க?"

"ஆமா, வித்தேன். நல்லாருக்கும்மா, எடுத்துக்கங்கன்னு இந்த வாயாலதான் சொன்னேன். விக்காம? உள்ள உக்காந்து கிழங்கு உரிக்கறாரே அவருக்கு யார் போடுவா? உனக்கு யார் போடுவா?" சொன்னதும் கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் கத்தரிக்குப் போடும் சோற்றைப் பற்றி அண்ணி பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குமே அது சுருக்கென்று தைத்தது.

மழை தகரத்தில் கொட்டியது. அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கீழே சிஸ்டர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

"நீ எங்க சொல்லிடுவியோன்னு தினம் தினம் பயந்துக்கிட்டு இருந்தேன். உன்கிட்ட ஒரு கேள்வி கேட்கறதையே விட்டுட்டேன். நீ சொல்லாத வரைக்கும், எனக்கு ஒண்ணும் தெரியாது, கடையில குடுத்தாங்க, வித்தேன்னு என்னையே ஏமாத்திக்க முடிஞ்சுது. இப்ப முடியுமா? வீட்டுக்கு வந்தா உன் மூஞ்சி இருக்கும். உன் மூஞ்சிக்கு நான் கணக்கு சொல்லணும்."

"எனக்கு உறுத்திச்சு அண்ணி. அதான்..."

"உறுத்திச்சுல்ல? பத்துப் படி இறங்கினா அவங்க வீடு. வாங்காதீங்க சிஸ்டர், நான்தான் தைச்சேன்னு அங்க போய்ச் சொல்ல வேண்டியதுதானே? ஏன் எங்கிட்ட வந்து சொன்ன?"

கத்தரி போர்வையை வாளிக்குள் அமுக்கினாள். பதில் அவளுக்குத் தெரியும். கீழே போய்ச் சொல்லி வேலை போனால் அது தன்னால் போனதாகும். அண்ணியிடம் சொல்லிவிட்டால், சிஸ்டரைத் தடுக்கிறவள் அண்ணி; வேலை போனாலும் அண்ணியால் போனதாகும். தன் நெஞ்சு லேசாக வேண்டும் என்று மூட்டையை அண்ணி தலையில் இறக்கி வைத்திருக்கிறாள். அது அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. அவமானமாக இருந்தது.

"என்ன ரெண்டு பேரும் மழையில மாநாடு?" என்று அண்ணன் உள்ளிருந்து கத்தினான். "வெங்காயம் பாதியில நிக்குது!"

"வரேங்க" என்று அண்ணி வாளியைத் தூக்கினாள்.

திங்கட்கிழமை கொட்டகையில் கத்தரிக்கு வேலையே ஓடவில்லை. விரலில் ஊசி ஏறியது. காலையில் புறப்படும்போது அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதியம் சிஸ்டர் போயிருப்பாள். அண்ணி வேண்டாம் என்றிருப்பாளா? சொல்லியிருந்தால் நல்லது என்று நினைத்தாள். நினைத்த மறுநிமிடம், ஏன் வேண்டாம் என்று சிஸ்டர் கேட்பாளே, பக்கத்தில் மேனேஜர் நின்றால் என்று பயம் பிடித்தது. எடுத்துக்கங்க என்று சொல்லியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். உடனே அந்த இருமல் காதில் கேட்டது. சாயங்காலம் வரை இப்படித்தான், ஒரு பக்கம் நினைப்பதும் மறுபக்கம் புரள்வதுமாக.

"ஏன் இன்னிக்கு மந்தமா இருக்க?" என்று விசில் கேட்டார்.

"உடம்பு சரியில்ல சார்."

"சீசன் முடியட்டும், சேர்த்துப் படுத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்தபோது அண்ணி முன்பே வந்திருந்தாள். உடுப்பு மாற்றாமல், கறுப்பு உடுப்போடே அடுப்படியில் நின்று காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தான்.

கத்தரி பக்கத்தில் போய் நின்றாள். "வந்தாங்களா?"

"வந்தாங்க."

"என்ன சொன்னீங்க?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம். கதவு திறந்தே இருந்தது. சிஸ்டர் வாசலில் வந்து நின்று, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். சாம்பல் நிறக் கோட்டு. பொத்தானெல்லாம் போட்டு, கழுத்துவரை மூடி. அவ்வளவு சந்தோஷமாக அவளை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"எப்படி?"

அண்ணன் எழுந்தேவிட்டான். "அட! டாக்டரம்மா மாதிரி இருக்கீங்களே! பெரிய கடைன்னா பெரிய கடைதான்."

"உங்க வீட்டம்மா எடுத்துக் கொடுத்தது. பேசவே இல்ல இன்னிக்கு. வேலை ஜாஸ்தி போல. இது நல்லாருக்குமான்னு கேட்டேன், தலைய ஆட்டினாங்க, எடுத்துட்டேன்." சிஸ்டர் கைகளைக் கோட்டுப் பைகளில் விட்டு வெளியே எடுத்தாள். பிறகு கத்தரியின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி. உங்க அண்ணி விக்கறவங்க, நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. நீ துணியிலயே கிடக்கறவ. தொட்டுப் பார்த்துச் சொல்லு. மழை தாங்கும்ல?"

அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றது. அண்ணி திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது.

கத்தரி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள். தோளைத் தொட்டாள். கையைத் தொட்டாள். கழுத்துப்பட்டை ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை எடுத்துவிட்டு நேராக்கினாள். இப்போது சொல்லலாம். வாசலில் வேறு ஒருவரும் இல்லை, மேனேஜர் இல்லை, விசில் இல்லை. ஆனால் விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டார்கள். சொன்னால் சிஸ்டர் காசும் போய், கோட்டும் போய், அண்ணியின் முகத்தில் இனி விழிக்க மாட்டாள். இத்தனை காரணமும் அவளுக்குச் சட்டென்று கிடைத்தது. ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. அத்தனைக்கும் அடியில் வேலை போய்விடும் என்ற பயம் ஒன்றுதான் இருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"நல்லாருக்கு சிஸ்டர்" என்றாள். "தாங்கும்."

"அப்பாடா! நீ சொன்னா சரி. இனிமே எனக்குக் கவலையில்ல." சிஸ்டர் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, கோட்டைக் கழற்றாமலே டூட்டிக்கு இறங்கிப்போனாள். வெளியே தூறத் தொடங்கியிருந்தது.

அடுப்படியில் கத்தி மறுபடி ஓடியது. அண்ணன் வானொலியைச் சத்தமாக வைத்தான். அண்ணி சோற்றை இறக்கி, முதல் தட்டைக் கத்தரிக்குப் போட்டாள். நிறையப் போட்டாள்.

"சாப்பிடு. ஆறிடப் போகுது."

"நீங்களும் உக்காருங்க அண்ணி."

அண்ணி அவளை ஒட்டி உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட்டார்கள். இனி ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, சண்டையும் வராது என்று கத்தரிக்குத் தெரிந்தது. சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினாள்.